கோட்டைச் சிறையில் ஒரு கிறிஸ்துமஸ்





தாண்டிக்குடி மலையில் திருவருகைக் காலம் என்பது காப்பிப் பழம் சிவக்கும் காலமும் ஆகும். பகலில் தோட்டங்களில் பழம் பறிப்பு நடக்கும். இரவில் கீத பவனி வீடு வீடாகச் செல்லும். பறிப்புக் கூலி கைக்கு வந்த பிறகுதான் பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்கவும் பலகாரத்துக்கு மாவு அரைக்கவும் முடிகிறது. ஆகையால் தோட்டத்துக்கு நேரிடும் சேதம் பண்டிகைக்கும் நேரிடும் சேதமாகிவிடுகிறது.

2018-ஆம் ஆண்டில் அப்படித்தான் ஆயிற்று. அவ்வாண்டு நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களின் தென்னையைச் சாய்த்துவிட்டு, மேற்கே திரும்பி நம் மலைகளையும் தாக்கியது. கொடைக்கானல் மலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. மண் சரிந்து பாதைகள் அடைபட்டன. மின்கம்பங்கள் விழுந்ததால் நாட்கணக்கில் ஊர்கள் இருளில் இருந்தன. வாழையும் காப்பியும் மிளகும் சேதமடைந்தன. புயல் வந்த நாளுக்கும் கிறிஸ்து பிறப்பின் திருநாளுக்கும் இடையே 39 நாட்களே இருந்தன.

அப்படிப்பட்ட ஒரு டிசம்பரில் விசுவாசிகளின் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: "இந்த வருஷம் நட்சத்திரம் கட்டலாமா?" புயல் வராத ஆண்டிலும் இந்தக் கேள்வி ஏதாவதொரு வீட்டில் எழுந்துகொண்டுதான் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் அவ்வாண்டு பலகாரம் சுடுவதில்லை. கடன் ஏறிய வீட்டில் விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிடுகிறார்கள். சபைக்குள்ளேயே மனஸ்தாபம் உண்டாகி, ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. இவர்கள் எல்லாரும் தங்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்வது ஒன்றே: கஷ்டம் தீரட்டும், பிறகு கொண்டாடலாம்.

இந்த எண்ணத்தை வேதத்தின் வெளிச்சத்திலும், நம் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் கொண்டும் இவ்வாரம் தியானிப்போம். கஜா கரையேறிய அதே கடற்கரையில், நாகப்பட்டினத்துக்குச் சற்று வடக்கே தரங்கம்பாடி இருக்கிறது. அங்கே, கஜா புயலுக்குச் சரியாக 310 ஆண்டுகளுக்கு முன், அதே நவம்பர் மாதத்தில், ஒரு சிறிய சபையின் மேல் வேறொரு புயல் வீசியது.

மணலில் எழுத்துப் பழகிய போதகர்

டென்மார்க்கின் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானிய வாலிபர்கள், பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும், 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். அப்போது சீகன்பால்குவுக்கு வயது 23. அவ்வூர் டேனிஷ் வணிகக் கம்பெனியின் ஆளுகையில் இருந்தது. கம்பெனியின் அதிகாரிகளுக்கு இவர்களுடைய வருகை பிடிக்கவில்லை. மிஷனெரிகள் வந்தால் வியாபாரத்துக்கும் ஊரின் அமைதிக்கும் இடைஞ்சல் உண்டாகும் என்று அவர்கள் நினைத்தார்கள். கோட்டையின் தலைமை அதிகாரியான ஹாசியஸ் தொடக்கத்திலிருந்தே இவர்களுக்கு முகம் கொடுக்கவில்லை.

சீகன்பால்கு தமிழ்ப் பிள்ளைகளோடு திண்ணைப் பள்ளியில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி, அகரத்திலிருந்து தமிழைக் கற்றார். 1707 மே 12-ஆம் தேதி முதல் ஞானஸ்நானம் நடைபெற்றது. அன்று திருமுழுக்குப் பெற்ற ஐவரும் ஐரோப்பியரின் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். தமிழ் நாட்டின் புராட்டஸ்டண்டுத் திருச்சபை அடிமைகள் ஐந்து பேரோடு தொடங்கியது என்பதை நாம் மறக்கலாகாது. அதே ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் தேதி தமிழ்ச் சபைக்கென ஒரு சிறிய ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதற்குப் புதிய எருசலேம் என்று பெயரிட்டார்கள்.

அடுத்த ஆண்டு 1708, சுறுசுறுப்பான ஆண்டு. தாம் திரட்டிய தமிழ் ஏட்டுச் சுவடிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியலை சீகன்பால்கு அவ்வாண்டில் எழுதினார். அக்டோபர் 17-ஆம் தேதி தம் வாழ்நாளின் பெரிய வேலையில் கை வைத்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார்.

வேலை தொடங்கி 33 நாட்கள்தாம் ஆகியிருந்தன. நவம்பர் 19-ஆம் தேதி அவர் கைது செய்யப்பட்டார்.

ஒரு விதவையின் கடன் வழக்கு

கைதுக்குக் காரணம் பிரசங்கம் அன்று. ஒரு கடன் வழக்கு. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் இறந்துபோயிருந்தார். கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த ஒருவருக்கும் இறந்தவருக்கும் இடையே இருந்த கடன் விவகாரத்தில், அவருடைய மனைவிக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று சீகன்பால்கு கருதினார். ஒரு முறை அன்று, பல முறை அந்த விதவைக்காக அதிகாரிகளிடம் பரிந்து பேசினார். எதுவும் பலிக்காதபோது, டேனிஷ் ஆலயத்திலேயே ஹாசியஸின் முன் முழங்காற்படியிட்டு முறையிடும்படி அந்தப் பெண்ணுக்கு ஆலோசனை கூறினார்.

ஹாசியஸுக்குக் கோபம் மூண்டது. தம்முன் வந்து நிற்குமாறு சீகன்பால்குவுக்கு ஆள் அனுப்பினார். எழுத்து மூலமான அழைப்பாணை வேண்டும் என்று சீகன்பால்கு கேட்டார். உடனே அவரைப் பிடித்துக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். கேள்விகளுக்கு விடையளிக்க அவர் மறுத்ததால் சிறையில் அடைக்கப்பட்டார். அவருடைய பிடிவாதத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று சொல்லலாம். ஆனாலும் அவர் பிடிவாதம் பிடித்தது தமக்காக அன்று.

லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன உவமை இங்கே நினைவுக்கு வருகிறது. தேவனுக்குப் பயப்படாத ஒரு நியாயாதிபதியிடம் ஒரு விதவை ஓயாமல் போய் நியாயம் கேட்டாள். சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு இந்த உவமையை நாம் எடுத்துக்காட்டுவோம். சீகன்பால்குவோ அந்த விதவையின் பக்கத்தில் நின்று, அவளோடு சேர்ந்து கதவைத் தட்டினார். கதவு திறந்தபோது உள்ளே தள்ளப்பட்டவர் அவரே.

பிரியமானவர்களே, இன்னொன்றையும் கவனியுங்கள். ஹாசியஸ் கிறிஸ்துவை அறியாத மன்னர் அல்லர். தரங்கம்பாடியில் 1701-ஆம் ஆண்டு முதலே ஐரோப்பியருக்கென்று சீயோன் ஆலயம் இருந்தது. அங்கே டேனிஷ் மொழியில் ஆராதனை நடந்தது. சீகன்பால்குவின் சிறைச் சாவி, ஞானஸ்நானம் பெற்ற ஒரு கிறிஸ்தவரின் கையில் இருந்தது. சபைக்கு வரும் துன்பம் எப்போதும் வெளியிலிருந்தே வருவதில்லை. ஒரே கர்த்தரைத் தொழுகிறவர்களிடமிருந்து வரும் காயம் மற்றக் காயங்களைவிட ஆறுவதற்குக் கடினமானது. இதை வாசிக்கும் உங்களில் சிலர் அனுபவத்தினால் அதை அறிவீர்கள்.

1708 டிசம்பர் 25

கைது நாளிலிருந்து 36 நாட்கள் கழித்துக் கிறிஸ்துமஸ் வந்தது. மேய்ப்பர் கோட்டைக்குள் அடைபட்டிருந்தார். மொழிபெயர்ப்பு தொடங்கிய இடத்திலேயே நின்றிருந்தது. சிறைச்சாலையில் அவருக்கு ஆரம்பத்தில் தாளும் மையும் மறுக்கப்பட்டன. வெளியே புளூட்சோ தனியாகச் சபையைப் பார்த்துக்கொண்டார். ஞானஸ்நானம் பெற்று ஓரிரு ஆண்டுகளே ஆன எளிய மக்கள், தங்களுக்கு வேதத்தைச் சொல்லித் தந்தவர் ஏன் பூட்டிவைக்கப்பட்டார் என்று அறிந்திருந்தார்கள். ஊரின் அதிகாரம் முழுவதும் தங்களுக்கு விரோதமாக இருந்ததையும் அறிந்திருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் கொண்டாடுவதற்கு ஏற்ற சூழ்நிலை என்று இதை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் லூக்கா இரண்டாம் அதிகாரத்தையும் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தையும் பண்டிகை அலங்காரத்தைச் சற்று விலக்கிவிட்டு வாசித்துப் பாருங்கள். முதல் கிறிஸ்துமஸில் என்ன சூழ்நிலை இருந்தது? பேரரசன் ஒருவன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டதால், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி மலைநாட்டுப் பாதையில் பயணம் போகவேண்டியிருந்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. பிள்ளையைக் கிடத்த மாட்டுத் தீவனத் தொட்டிதான் இருந்தது. நற்செய்தி முதலில் யாருக்குப் போயிற்று? இரவில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பருக்கு. யானையும் காட்டுமாடும் இறங்கும் இரவுகளில் பரண் மேல் கண்விழித்திருக்கிற நம் ஊர்க் காவலாளிகளுக்கு அந்த மேய்ப்பரின் குளிரும் பயமும் புதியவை அல்ல. பிறகு ஏரோதின் வாள் வந்தது. பெத்லகேமின் தாய்மார் அழுதார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு யோசேப்பும் மரியாளும் இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடினார்கள்.

அந்தச் சரித்திரத்திலும் ஒரு விதவை உண்டு. அன்னாள் என்னும் தீர்க்கதரிசி, கலியாணமாகி ஏழு ஆண்டுகளில் கணவனை இழந்தவள். முதிர்வயதில், உபவாசத்தோடும் ஜெபத்தோடும் தேவாலயத்தை விட்டு நீங்காதிருந்த அவள், குழந்தையைக் கண்டு, மீட்புக்குக் காத்திருந்த எல்லாரிடமும் அவரைக் குறித்துப் பேசினாள். ரோம ஆட்சி நீங்கிற்றா என்று அவள் பார்க்கவில்லை. ஏரோது இன்னும் சிங்காசனத்தில் இருந்தான். கஷ்டம் தீர்ந்த பிறகு கொண்டாடலாம் என்று அவள் காத்திருந்தால், கொண்டாடாமலே கண்மூடியிருப்பாள்.

கிறிஸ்துமஸ் துன்பம் நீங்கியதைக் கொண்டாடும் நாள் அன்று. துன்பத்தின் நடுவே தேவன் வந்து நம்மோடு தங்கியதைக் கொண்டாடும் நாள். ஆகவேதான் அது சிறைச்சாலைக்குள்ளும் போகக்கூடியதாயிருக்கிறது.

விட்ட இடத்திலிருந்து

பின்னர் தாளும் மையும் கிடைத்தபோது, சீகன்பால்கு சிறையிலிருந்தே இரண்டு பக்தி நூல்களை எழுதினார். ஒன்று, தேவனுக்குப் பிரியமான கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றியது. மற்றொன்று, தேவனுக்குப் பிரியமான போதக ஊழியத்தைப் பற்றியது. ஊழியம் செய்ய முடியாதபடி அடைத்துவைக்கப்பட்ட மனிதர், ஊழியம் எப்படி இருக்கவேண்டும் என்று எழுதினார்.

1709 மார்ச் 26-ஆம் தேதி அவர் விடுவிக்கப்பட்டார். அந்த ஆண்டின் ஈஸ்டர் பண்டிகை மார்ச் 31. ஆக, கிறிஸ்துமஸும் லெந்து காலத்தின் பெரும்பகுதியும் அவருக்குச் சிறையிலேயே கழிந்தன. மொத்தம் 127 நாட்கள். விடுதலையோடு பிரச்சினை முடிந்துவிடவில்லை. ஹாசியஸ் அதே பதவியில் இருந்தார். அவருடைய பகையும் நீடித்தது. சீகன்பால்கு வெளியே வந்து, பாதியில் கிடந்த மொழிபெயர்ப்பை மீண்டும் கையில் எடுத்தார். ஜூலை மாதம் வந்த கப்பலில் கிருண்ட்லர் முதலிய புதிய உடன்ஊழியர்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1711 மார்ச் 31-ஆம் தேதி, தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு நிறைவடைந்தது.

அதை அச்சிடுவதற்கு லண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அனுப்பிய அச்சு இயந்திரமும் நேராக வந்துவிடவில்லை. அது ஏறிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் பிடித்துக்கொண்டார்கள். பணம் கொடுத்து இயந்திரத்தை மீட்டார்கள். ஆனால் அதை இயக்குவதற்காகக் கூட வந்த அச்சர் யோனாஸ் பிங்க், எஞ்சிய பயணத்தில் நோயுற்று இறந்தார். இத்தனைக்கும் பிறகு 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தரங்கம்பாடியில் அச்சாகி வெளிவந்தன. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு அதுவே. பெத்லகேமின் செய்தி தமிழில் அச்செழுத்தாகச் சாதாரண மக்களின் கையில் கிடைப்பதற்கு, அந்தச் சிறைக் கிறிஸ்துமஸ் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

அடுத்துப் பழைய ஏற்பாட்டையும் சீகன்பால்கு மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி, 36-ஆம் வயதில், அவர் மரித்தார். அப்போது அவருடைய மொழிபெயர்ப்பு ரூத்தின் புத்தகம் வரை வந்திருந்தது. ரூத்தின் புத்தகம் எதைச் சொல்கிறது? கணவரை இழந்த இரண்டு பெண்கள், பஞ்சத்தாலும் சாவாலும் வெறுமையாகி, பெத்லகேமுக்கு நடந்துவந்த கதையைச் சொல்கிறது. அந்த ரூத்தின் பெயர் மத்தேயு முதலாம் அதிகாரத்தில் நம் ஆண்டவரின் வம்ச அட்டவணையில் இருக்கிறது. ஒரு விதவைக்காகச் சிறை சென்றவரின் பேனா, பெத்லகேம் வந்த விதவைகளின் கதையோடு நின்றது. மீதியைப் பின்வந்த பெஞ்சமின் சூல்ட்சே 1720-களில் முடித்தார். அவரும் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கினார்.

பொய்யான ஆறுதல் வேண்டாம்

"விசுவாசித்தால் கஷ்டம் நீங்கும், எல்லாம் நன்மையாக முடியும்" என்று இந்த வரலாற்றிலிருந்து நான் பிரசங்கித்தால், அது உண்மைக்கு மாறானதாகும். 2004-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை அதே கடற்கரையின் மேல் வந்தது. தரங்கம்பாடி மீனவர் குடியிருப்புகளும் அதற்குத் தப்பவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முந்திய நாள் கட்டிய நட்சத்திரம் அவிழ்க்கப்படாத வீடுகளிலிருந்து பிரேதங்கள் எடுக்கப்பட்டன. அந்தத் தாய்மாரிடம் போய் எளிதான பதில் சொல்லும் துணிவு எனக்கு இல்லை, உங்களுக்கும் வேண்டாம். பெத்லகேமின் தாய்மார் ஆறுதலடையாமல் அழுதார்கள் என்பதை மத்தேயு மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவர்களுடைய அழுகைக்கும் கிறிஸ்துமஸ் அதிகாரத்தில் இடம் இருக்கிறது.

நம் மலையின் திருச்சபை வரலாறும் துக்கத்தோடு பின்னியதே. 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனில் முதல் பத்தாண்டுகளில் நோய்க்கு இரையானவர்கள் பலர். இளம் மனைவியரையும் சிறு பிள்ளைகளையும் அடக்கம் செய்த அவர்கள், நோய்க்குத் தப்ப ஓர் இடம் தேடினார்கள். முதலில் சிறுமலைக்குப் போனார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகு பழனி மலையின் மேல் ஏறி, 1845-இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் மகிழ்ந்து திரியும் அந்த மலைநகரத்தின் தொடக்கத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் கண்ணீர் இருக்கிறது.

ஆகையால், கிறிஸ்தவ நம்பிக்கை என்பது அலை வராது, புயல் வராது, சிறை வராது என்ற நம்பிக்கை அன்று. வந்தபோதும் தேவன் நம்மை விட்டு அகலவில்லை என்பதும், நாம் ஒருவரையொருவர் விட்டுவிட வேண்டியதில்லை என்பதும், பாதியில் நின்ற வேலையை அவருடைய பலத்தால் மறுபடியும் எடுக்கலாம் என்பதுமே அந்த நம்பிக்கை.

மலை விவசாயிகளாகிய நமக்கு இது விளங்காத காரியம் அன்று. நம் மலைவாழையை முடிக்கொத்து நோய் அழித்த காலத்தை மூத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அசுவினிப் பூச்சியால் பரவிய அந்த நோய், தலைமுறை தலைமுறையாக வந்த தோட்டங்களை வெறுமையாக்கிற்று. இருந்தும் விருப்பாச்சி வாழையும் சிறுமலை வாழையும் இல்லாமற் போய்விடவில்லை. நோயற்ற கன்றுகளைக் கொண்டுவந்து, பொறுமையாகத் திரும்ப நட்டவர்கள் இருந்தார்கள். 2008-இல் அவ்விரு வாழைகளுக்கும் புவிசார் குறியீடும் கிடைத்தது. புயலில் விழுந்த காப்பிச் செடிக்குப் பதிலாக நட்ட நாற்று காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். நாற்றை நடும் நாளில் கையில் பலன் எதுவும் இல்லை. ஆனாலும் நடுகிறோம். அதற்குப் பெயர் நம்பிக்கையல்லாமல் வேறென்ன?

இந்த ஆண்டு கீத பவனி

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். நட்சத்திரம் கட்டலாமா?

கட்டலாம் என்பதே என் தாழ்மையான ஆலோசனை. ஆடம்பரத்துக்காக அன்று, சாட்சிக்காக. கடன் வாங்கிப் புத்தாடை எடுக்கவேண்டாம். பழைய ஆடையைத் துவைத்து உடுத்தி வாருங்கள். பலகாரம் சுட மனமில்லாவிட்டால் சுடவேண்டாம். ஒரு விளக்கை மட்டும் ஏற்றிவையுங்கள். அழுகை வந்தால் ஆராதனையின் நடுவே அழுங்கள். கர்த்தருடைய ஆலயத்தில் அதற்கு வெட்கப்படவேண்டியதில்லை.

சபையாருக்கும் வாலிபருக்கும் ஒரு வேண்டுகோள். துக்க வீடு என்று சொல்லிக் கீத பவனியில் சில வீடுகளைக் கடந்துபோகும் வழக்கம் நம்மிடம் உண்டு. மரியாதை நிமித்தம் அப்படிச் செய்கிறோம் என்பதை அறிவேன். ஆனால் பாட்டுச் சத்தம் தங்கள் வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போவதைக் கதவுக்குப் பின்னால் இருந்து கேட்கிறவர்களின் இருதயத்தை எண்ணிப்பாருங்கள். இந்த ஆண்டு அந்த வீடுகளுக்கு முதலில் போங்கள். முன்னதாக ஒருவர் போய் அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டு வரட்டும். மேளம் வேண்டாம். மெதுவாக ஒரு பாடலும், ஒரு சிறிய ஜெபமும் போதும். காணிக்கைப் பெட்டியை அவ்வீட்டு வாசலில் நீட்டவேண்டாம்.

கடனால் நெருக்கப்படும் விதவைகளும், கூலி பாக்கி வராத தொழிலாளிகளும் நம் மத்தியில் இருந்தால், அவர்களுக்காக ஜெபிப்பதோடு நிறுத்திவிடக்கூடாது. மனு எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுங்கள். அலுவலகத்துக்குக் கூடப் போகக்கூடியவர்கள் கூடப் போங்கள். தரங்கம்பாடியின் முதல் போதகர் அதற்காகத்தான் ஒரு கிறிஸ்துமஸைச் சிறையில் கழித்தார். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு நாள் வேலையும் பேருந்துக் கட்டணமும் மாத்திரமே.

ஆலயத்தை விட்டு மனக்கசப்போடு விலகியிருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களைக் காயப்படுத்தியவர்கள் நம்மவர்களாகவே இருக்கலாம். அவர்கள் மனம் திரும்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சீகன்பால்கு வெளியே வந்தபோது ஹாசியஸ் மாறியிருக்கவில்லை. ஆனாலும் அவர் தம் சபைக்குத் திரும்பினார். வாருங்கள், கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் உங்கள் இடம் காலியாகவே இருக்கிறது.

ஜெபிப்போம்.

எங்கள் இம்மானுவேலரே, தங்க இடமில்லாத இரவில் எங்களுக்காகப் பிறந்தவரே, உமக்கு ஸ்தோத்திரம். இந்த மலையில் இழப்போடு இந்தத் திருநாளைச் சந்திக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். சிறையிலிருந்த உம்முடைய அடியாரோடு இருந்ததுபோல, அடைபட்ட எங்கள் வாழ்க்கைகளிலும் எங்களோடிரும். பாதியில் நின்றுபோன வேலையை மீண்டும் எடுக்க எங்கள் கைகளைத் திடப்படுத்தும். எளியவருக்காகப் பேச எங்கள் வாயைத் திறந்தருளும். உம்முடைய பிறப்பின் வெளிச்சம், இவ்வாண்டு விளக்கேற்ற மனமில்லாத வீடுகளிலும் பிரகாசிக்கட்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே.

ஆமென்.